வலை கிழியும் இடத்தைக் குறித்துக் கொடுத்தேன்

தூத்துக்குடியில் நானும் அண்ணனும் நாட்டுப்படகில் போய்த் தூண்டிலில் மீன் பிடிக்கிறோம். என் போனில் இருந்த ஒரு மீன்பிடிச் செயலி, ‘வலையைக் கிழிக்கும் பாறைகளைக் குறித்து அனுப்புங்கள், மற்றவர்களை எச்சரிக்கிறோம்’ என்று கேட்டது. கடலுக்கடியில் எங்களுக்கு மட்டும் தெரிந்த, மீன் அடையும் ஒரு பாறைத் திட்டு உண்டு. அந்த மாதிரித் திட்டை நாங்கள் ‘பார்’ என்போம். எச்சரிக்கை என்று போட்டுவிட்டால் ஒருத்தனும் அந்தப் பக்கம் வரமாட்டான் என்று நானும் ஒரு கணக்குப் போட்டு, குறித்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் போனால் பாரைச் சுற்றி ஒரே தூண்டில் படகுகள். “ஏலே, எவம்லே நம்ம பாரைக் காட்டிக்கொடுத்தது?” என்று அண்ணன் கத்தினான். பக்கத்துப் படகுக்காரர் சிரித்தார்: “அண்ணாச்சி, நீங்களும் ஆப்ல ‘மீன் அடையும் இடம்’னு பாத்துத்தான் வந்தீயளா?”

எச்சரிக்கை என்று கேட்டு வாங்கிவிட்டு ஊருக்கே விருந்து வைத்திருக்கிறார்கள், பாவிகள். கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டினேன். “உங்க பங்களிப்புக்கு நல்ல வரவேற்பு சார், இன்னும் நாலு இடம் அனுப்புங்க” என்றாள் ஒரு பெண், கொஞ்சமும் கூசாமல்.

செயலியை அன்றே அழித்துவிட்டேன். வலை கிழியும் இடத்தை இப்போது கரையில் வலை ஏற்றுகிறவர்களிடம் நேரில்தான் சொல்கிறேன். கடலில் கால் நனைக்காதவனுக்கு எங்கள் கடலை நான் எதற்கு வரைந்து கொடுக்க வேண்டும்?