பத்துக்கு ஒன்பது வாங்கிய அறியாமை

ஆசிரியர் பாடம் நடத்தினால் போதாது, நடத்தியதைப் பற்றி யோசிக்கவும் வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ யோசித்துவிட்டார்கள். அதற்காக ஆளுக்கொரு நோட்டு. வகுப்பில் எங்கே தவறினேன், ஏன், அடுத்த முறை என்ன செய்வேன் என்று மாதம் ஒரு பக்கம் எழுத வேண்டும். மதிப்பீட்டாளர் படித்துப் பத்துக்கு மதிப்பெண் போடுவார். தவறே செய்யவில்லை என்றால் இரண்டு. தவறை உருக்கமாக எழுதினால் எட்டு. இவ்வளவு மோசமான தராசை மிளகாய் மண்டியில்கூட நான் பார்த்ததில்லை.

விளாத்திகுளம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியர். பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறவன். சிரித்ததாக இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் எனக்கு உருக்கம் நன்றாக வரும் என்பதைச் சக ஆசிரியர்கள் கண்டுபிடித்தார்கள். பொட்டலம் காராச்சேவுக்கு ஒரு குற்ற உணர்ச்சி வீதம், வட்டாரத்தில் பாதிப் பேருக்கு நான்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் ஒரே ஒருமுறைதான் கேட்டார். “அண்ணாச்சி, நாலு வரி எழுதிப் போடுங்க. எனக்கு இங்கன திருத்துத பேப்பரே மலையாக் கெடக்கு.”

அவருக்கு ஒரு தவறு வேண்டும். தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. ‘ஒன்றரையை அரையால் வகுத்தால் மூன்று வருகிறது, வகுத்தால் குறையத்தானே வேண்டும் என்று ஒரு குழந்தை கேட்டது. பதில் எனக்கே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது’ என்று எழுதினேன். அது என்னுடைய சந்தேகம். பள்ளிப் பருவத்திலிருந்து என்னோடு சேர்ந்து அதற்கும் நரைத்திருந்தது. பேப்பர் மலைக்கு நடுவில் டீச்சர் அதைப் படிக்காமலே நோட்டை அனுப்பிவிட்டார்.

கோவில்பட்டியில் நடந்த மாதக் கூட்டத்தில் மதிப்பீட்டாளர் அந்தப் பக்கத்தை டீச்சர் பெயரோடு உரக்கப் படித்தார். “எவ்வளவு ஆழம் பாருங்க” என்று ஒன்பது மதிப்பெண் கொடுத்தார். கையோடு, அடிப்படைக் கணக்குக்கான ஐந்து நாள் பயிற்சிப் பட்டியலில் அவர் பெயரை முதலில் எழுதினார். அரங்கில் நாற்பது பேர் சிரித்தார்கள். நான் எழுதி அத்தனை பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் டீச்சர் என் மேஜைக்கு வந்தார். அண்ணாச்சி போய் சார் ஆகியிருந்தேன்.

“சார், ஒன்றரை லிட்டர் பாலை அரை அரை லிட்டரா ஊத்துனா எத்தன செம்பு வேணும்?”

“மூணு.”

“அவ்வளவுதான் சார். அரை எத்தன தடவ அடங்குதுன்னு பாக்குதோம். ஒங்களுக்கு வெளங்கலன்னா ஒங்க பேர்ல எழுதணும். பதினெட்டு வருசமாக் கணக்கு எடுக்குதேன். இன்னைக்கு ஏழாப்புப் பிள்ளை கேக்குது, டீச்சருக்குக் கணக்கு வராதாமேன்னு.”

மன்னிப்புக் கேட்டேன். “அத வச்சு நான் என்ன செய்ய?” என்றார்.

மதிப்பீட்டாளரைத் தனியாகப் போய்ப் பார்த்து உண்மையைச் சொன்னேன். அவர் சங்கடப்படவில்லை. “தமிழ் வாத்தியாருக்குக் கணக்கு வராதுன்னா அதுல என்னய்யா ஆழம் இருக்கு? மாதிரிப் பக்கம்னு மேல அனுப்பியாச்சு. பேசாமப் போங்க.”

டீச்சரிடம் வந்து சொன்னேன்.

“தனியாவா சொன்னீங்க? அவரு படிச்சது நாப்பது பேரு முன்னால. நீங்களும் அங்கன நின்னு சொல்லணும்.”

அடுத்த கூட்டம் வரை அவர் என்னோடு பேசவில்லை. கரிசல் மண் செருப்பில் அப்பியதுபோல அந்த ஒரு மாதம் காலோடு வந்தது. கூட்டத்தில் எழுந்து நின்று, அந்தப் பக்கத்தை எழுதியவன் நான், அறியாமையும் என்னுடையது என்றேன்.

மதிப்பீட்டாளருக்கு வேறு வழி இல்லை. “வேற யாருக்கெல்லாம் எழுதிக் குடுத்தீங்க?” என்றார். அரங்கில் பாதிப் பேர் குனிந்துகொண்டதில் அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. எல்லா நோட்டும் திரும்ப வரணும், இனி இங்கேயே உட்கார்ந்துதான் எழுதணும் என்று உத்தரவு போட்டார். பட்டியலில் டீச்சர் பெயரை அடித்து என் பெயரைச் சேர்த்தார்.

டீச்சர் எழுந்தார். “அடிச்சது போதாது சார். எனக்குக் கணக்குத் தெரியும்னு எழுதிக் குடுங்க. எழுதினதத்தான இங்கன நம்புதாங்க.”

மதிப்பீட்டாளர் எழுதினார். டீச்சர் நின்றபடியே படித்து, ஓரிடத்தைத் திருத்தச் சொல்லி, மடித்துப் பையில் வைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. மற்ற எல்லோரும் திரும்பியிருந்தார்கள்.