பேச்சுத் தேர்வில் நான் சொன்ன பதில்

காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட்டின் பஞ்சு நைந்துபோய், கழற்றும்போது கறுப்புத் தூளாகக் காதுமடலில் ஒட்டிக்கொண்டு வரும். எங்களுக்கு முந்தைய வகுப்புப் பெண்களின் எண்ணெயும் வியர்வையும் கலந்த ஒரு புளித்த வாசனை அதில் அடிக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் இருந்த எங்கள் கல்லூரியின் மாடியில், கடைசி அறையாக அந்த "லாங்குவேஜ் லேப்" இருந்தது. முதல் செமஸ்டரில் எல்லாத் துறைக்கும் பொதுவாக, ஆங்கிலத்தில் பேசக் கற்றுக்கொள்வதற்கென்று ஒரு தாள். "கம்யூனிகேசன்" என்று சுருக்கிச் சொல்வோம். வாரத்தில் இரண்டு நாள் அங்கே உட்கார்ந்தால், எங்கோ கடல் தாண்டியிருக்கும் ஒரு பெண்ணின் குரல் "பின்... பின்" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லும். ஒன்று குண்டூசி, மற்றது குப்பைத்தொட்டி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வந்திருந்த நான் இரண்டையும் தமிழெழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்வேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே சொல்லாக இருக்கும்.

எனக்கு ஊர் காமயகவுண்டன்பட்டி. அப்பா அடுத்தவர்களின் திராட்சைப் பந்தலில் மருந்தடிக்கும் வேலைக்குப் போனார். நான் கல்லூரியில் சேர்ந்த அன்று, கையில் இருந்த மருந்தின் நீலக்கறையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, "இங்கிலீசு பேசுறவுகள எவனும் வெயில்ல நிப்பாட்ட மாட்டான் ஆத்தா, அத மட்டும் பிடிச்சுக்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதை நான் பயமாகவே எடுத்துக்கொண்டேன். பேசத் தெரியாவிட்டால் வெயிலில் நிறுத்திவிடுவார்கள் என்று.

பூங்கொடி என் வகுப்பு, பக்கத்து இருக்கை. கூடலூர்க்காரி. அவளுடைய அம்மா தினமும் விடியற்காலை ஜீப்பில் ஏறி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய்வருவார். பள்ளி விடுமுறையெல்லாம் அம்மாவோடு தோட்டத்திலேயே கழித்ததால் பூங்கொடிக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடாக வரும். எனக்கு வாயே திறக்காது, அவளுக்கு மூடாது. டவுன் பஸ்காரர்கள் இலவசப் பாஸ் பிள்ளைகளைப் பார்த்தால் நிறுத்தாமல் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருநாள் அவள் நடுரோட்டில் போய் நின்று வண்டியை மறித்து, கண்டக்டரைப் பார்த்து, "அண்ணே, நாங்க பாஸுதான், இல்லேங்கல. ஆனா வெறும் வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயி யாருக்குக் காட்டப் போறீக? நாங்க ஏறி நின்டாத்தான அது பஸ்ஸு மாதிரி இருக்கும்" என்றாள். டிரைவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த பஸ் எங்களுக்கு நின்றது. ஒரு மனுஷியின் பேச்சு இன்னொரு மனுஷனைப் போய்த் தொட்டு, அவன் காலை பிரேக்கில் வைக்கச் செய்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கம்யூனிகேசன் என்றால் அதுதான் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

எங்களுக்கு அந்தத் தாளை எடுத்த செல்வி மிஸ், தற்காலிக ஆசிரியை. எங்களைவிட ஆறேழு வயதுதான் கூட இருக்கும். முதல் வாரத்தில் போர்டில் இரண்டு வட்டம் போட்டு, பேசுபவர், கேட்பவர் என்று ஆங்கிலத்தில் எழுதி, நடுவில் ஒரு அம்புக்குறி இழுத்து, அதன்மேல் கோணல்மாணலாக ஒரு கோடு கிறுக்கினார். அதற்குப் பெயர் "நாய்ஸ்". சொல்கிற செய்தி போய்ச் சேராமல் தடுக்கிற எதுவும் நாய்ஸ்தான் என்றார். பூங்கொடி எழுந்து, "மிஸ், இங்கிலீஷ் தெரியாதவுக நடுவுல நின்டா அவுகளும் நாய்ஸா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. வகுப்பில் தமிழ் பேசினால் பேரைப் போர்டில் எழுத வேண்டும் என்பது மேலேயிருந்து வந்த விதி, மிஸ் எழுதினார். மணி அடித்ததும் வராந்தாவில் அவளை நிறுத்தி, "நீ கேட்டது நல்ல கேள்விதான் புள்ள. எனக்குப் பதில் தெரியல" என்றார். அதைத் தமிழில்தான் சொன்னார்.

அதற்கப்புறம் அந்த ஒரு மணி நேரத்தில் பூங்கொடியின் பேர் போர்டில் ஏறுவது மெல்ல மெல்லக் குறைந்தது. அவளுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது என்பதால் அல்ல, பேசுவதை நிறுத்திவிட்டாள். எழுப்பிக் கேட்டால் அவளிடமிருந்து ஒரு மெல்லிய, வேறு யாருடையதோ போன்ற குரல் வரும். பஸ்ஸை மறித்த தொண்டையா இது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கு நேர் மாறாக நடந்தது. வாயே திறக்காதவளாக இருந்த நான், மனப்பாடம் செய்யலாம் என்று தெரிந்ததும் தைரியமானேன். புத்தகத்தில் இருந்த எட்டு உரையாடல்களையும் கமா, முற்றுப்புள்ளியோடு விழுங்கினேன்.

செமஸ்டர் கடைசியில் வாய்மொழித் தேர்வு. இரண்டிரண்டு பேராகப் போய், சீட்டு எடுத்து, அதில் வரும் உரையாடலை வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன் நடத்திக் காட்ட வேண்டும். பூங்கொடியும் நானும் ஜோடி. இரண்டு வாரம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஒத்திகை பார்த்தோம். நான் என் பங்கை மட்டும் படித்தேன். அவள் என்னுடையதையும் சேர்த்துப் படித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஒனக்கு முழி பிதுங்கும்டி, எனக்குத் தெரியாதா? அப்ப நான் எடுத்துக் குடுக்கணும்ல" என்றாள்.

தேர்வு அன்று எங்களுக்கு வந்த சீட்டு, ரயில் நிலைய விசாரணை. அப்போது எங்கள் பக்கம் இருந்த ஒரே ரயில் பாதையையும் அகலப்படுத்துவதற்காகப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். அவளும் நானும் அதுவரை ரயிலில் ஏறியதே இல்லை. நான் பயணி, அவள் விசாரணை கவுண்டரில் இருப்பவள். தேர்வாளர் வெள்ளைச் சட்டை போட்ட வயதானவர், மெதுவான குரல், கெட்டவர் இல்லை. பக்கத்தில் செல்வி மிஸ் பேர்ப்பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு கேள்வியை நான் கேட்டேன். அவள் பதில் சொன்னாள். மூன்றாவது கேள்வி எனக்கு வரவில்லை. பூங்கொடி உதட்டை அசைத்துப் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு மெதுவாக, ஆனால் அந்தச் சின்ன அறையில் கேட்கிற அளவுக்கு, என் கேள்வியை அவளே சொன்னாள்.

தேர்வாளர் பேனாவை வைத்தார். நீதானே கவுண்டரில் இருப்பவள், நீ எதற்குக் கேள்வி கேட்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் "சார், ஷி..." என்று ஆரம்பித்து, அதற்கு மேல் சொல் கிடைக்காமல் என் பக்கம் திரும்பினாள். தமிழில் விட்டிருந்தால் அரை நிமிஷத்தில் அந்த மனிதரைச் சிரிக்க வைத்திருப்பாள். அவரும் என்னைப் பார்த்தார். உன் தோழிக்கு அவளுடைய பங்கு தெரியவில்லையா என்று கேட்டார்.

"யெஸ் சார்" என்றேன்.

அவர் கேட்டது புரியாமல் சொல்லிவிட்டதாகப் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். புரிந்தது. புரிந்து, பயந்து, சொன்னேன். அந்தச் செமஸ்டர் முழுக்க நான் மனப்பாடம் இல்லாமல், சொந்தமாகப் பேசிய ஆங்கிலம் அந்த இரண்டு சொல்தான். செல்வி மிஸ் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்; உண்மை அவருக்குத் தெரியும். ஆனால் வெளித் தேர்வாளர் முன் தற்காலிக ஆசிரியை வாய் திறப்பதில்லை. அவரும் குனிந்து பட்டியலைப் பார்த்தார்.

நான் தேறினேன். பூங்கொடிக்கு அந்தத் தாள் போயிற்று. அடுத்த தடவை எழுதியபோது ஜோடி கிடையாது, தனியாகப் போய் நிற்க வேண்டும். போனவள் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்தாள் என்று சொன்னார்கள். மூன்றாம் தடவையும் அதே. மற்ற எல்லாத் தாளையும், கணக்கு உட்பட, என்னைவிட நல்ல மார்க்கோடு முடித்திருந்தாள். இந்த ஒன்று தேறாமல் நிற்க, பட்டமும் நின்றது. என்னிடம் அவள் அதைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். மூன்றாம் வருஷம் முடிந்ததும் அம்மாவோடு ஜீப்பில் ஏறினாள்.

நான் மேலே படித்து, இப்போது தேனியில் ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிகமாக வேலை பார்க்கிறேன். எடுப்பது, வேறு பேரில், கிட்டத்தட்ட அதே பாடம். போர்டில் இரண்டு வட்டமும் கோணல் கோடும் போடுகிறேன். நாற்பது பிள்ளைகள் செல்போனில் இருந்து பார்த்து மனப்பாடம் செய்து வந்து ஒப்பிக்கிறார்கள். நான் மார்க் போடுகிறேன். ஒப்பிக்காமல் உண்மையாகப் பேச முயன்று திக்குகிறவர்களுக்கு என்ன போடுவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சில மாதங்களுக்கு முன் உடன் வேலை பார்ப்பவர் வீட்டு விசேஷத்துக்குக் கூடலூர் போயிருந்தேன். சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது தோட்டத்து ஜீப் ஒன்று வந்து நின்றது. பூங்கொடி இறங்கி, உள்ளே இருந்த, தோட்ட வேலைக்கு வந்த வடநாட்டுப் பிள்ளைகளிடம் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்று, பிறகு வந்தாள். பேச்சு எங்கெங்கோ போனது. அவள் அம்மா முடியாமல் வீட்டோடு இருப்பதையும், மகள் ஆறாவது படிப்பதையும் சொன்னாள். என்னால் தாங்க முடியவில்லை. "அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன் பூங்கொடி" என்றேன்.

அவள் புரியாதவள் போல் நடிக்கவில்லை. "தெரியும். நீ திரும்பப் போயிச் சொல்லுவேன்னு அந்த ரூம்பு வாசல்லயே ரொம்ப நேரம் நின்டேன்" என்றாள். கோபம் இல்லை குரலில். இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத விடு. அந்தப் பேப்பர இப்ப எழுதலாமா? எஸ்டேட் ஆபீஸ்ல ஒரு வேல காலியாகுது, டிகிரி கேக்காக. இந்தி, மலையாளம் ரெண்டும் தெரிஞ்ச ஆளு வேணுமாம். நீ காலேஜுலதான இருக்க, கேட்டுச் சொல்லேன். இந்தத் தடவ வாயத் தொறந்துருவேன்" என்றாள்.

மறுநாளே போய்க் கேட்டேன். பழைய கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "அந்தச் சிலபஸே இப்பக் கெடையாது மேடம். பழைய பிள்ளைகளுக்குன்னு கடைசியா ஒரு வாய்ப்புக் குடுத்தாக, அதுவும் முடிஞ்சு போச்சு" என்றார். பல்கலைக்கழகத்துக்கும் எழுதிப் பார்த்தேன். அதே பதில் வந்தது. மாடியில் அந்தக் கடைசி அறையில் இப்போது உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். செல்வி மிஸ் எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பாடமும் புத்தகமும் தாளும் இல்லாமல் போய்விட்டன. அதில் தோற்றவள் மட்டும் தோற்றவளாகவே இருக்கிறாள்.

நான்கு நாள் தள்ளிப் போட்டுவிட்டுப் போன் செய்தேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது. மலையில்தான் எங்கோ நின்றுகொண்டிருக்க வேண்டும்.

"சரி" என்றாள். பிறகு, "நான் எஸ்டேட் ஆபீஸ்ல வேலைக்கு வர்றேன்னு சொல்லிட்டேன். இல்லேன்னு சொல்லணும்" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் பொறுமையாக, நான் முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "இங்கன சிக்னல் சரியா இருக்காது, வச்சுரவா?" என்றாள்.

வை என்றேன். வைத்துவிட்டாள்.