சந்தனமாரி வீட்டுக் கடல்

ஒரகடத்தில் கார் இருக்கை தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் கழிவுநீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவள் சந்தனமாரி. கேன்டீனில் பாத்திரம் கழுவிய தண்ணீர், கக்கூஸ் தண்ணீர் எல்லாம் கடைசியில் அவளிடம்தான் வந்து சேரும். கறுப்பாக உள்ளே போவது மறுமுனையில் தெளிந்து வந்து அரளிச் செடிகளுக்குப் பாயும். நடுவில் வேலை பார்ப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். இத்தனை வருடமாகியும் அவளுக்கு அந்த ஆச்சரியம் அடங்கவில்லை. "நம்ம ஆளுங்க" என்றுதான் சொல்வாள். அவை சோர்ந்துபோனால், தண்ணீரில் நைட்ரேட் என்ற கழிவு உப்பு ஏறினால், அவற்றுக்குத் தீனியாக வெல்லம் கரைத்து ஊற்றுவது அங்கே வழக்கம்.

அந்த வழக்கம்தான் வீட்டில் அவளைக் கவிழ்த்தது.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். ஹாஸ்டலிலிருந்து ஷிப்டுக்கு ஏறிய கம்பெனி பஸ்ஸை ஓட்டியவன் பகலவன், வடக்குப்பட்டுக்காரன். அவனையே கட்டிக்கொண்டாள். அந்த பஸ்ஸில் வந்த என்ஜினீயர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தன் கடல்மீன் தொட்டியைச் சும்மாவே கொடுத்துவிட்டுப் போனார். உப்புத் தண்ணீர், இரண்டு கோமாளி மீன், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மென்பவளம், கல்லில் ஒட்டி வாழும் உயிர். தொட்டிக்கு அடியில் இன்னொரு சின்னத் தொட்டி. அதற்கு சம்ப் என்று பெயர். மேல்தண்ணீர் அதில் இறங்கி, ஸ்பாஞ்சில் வடிந்து, பம்ப் வழியாகத் திரும்ப ஏறும்.

கடலோரத்தில் பிறந்தவள்தான். ஆனாலும் கடலின் மேல்தோலை மட்டுமே பார்த்திருந்தாள். அந்தப் பவளம் விரல்விரலாக விரிந்து அசைவதைப் பார்த்த முதல் நாள் சோறு அடுப்பில் தீய்ந்தது.

மாசிக் கடைசியில் பவளம் சுருங்கி மூடிக்கொண்டது. சோதனைக் குழாயில் மருந்துத்துளி விட்டுக் குலுக்கினாள். மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் செம்பருத்தி நிறத்துக்குப் போனது. நைட்ரேட். இப்படியே போனால் பவளம் பிழைக்காது.

"இது எனக்குத் தெரிஞ்ச வியாதிதான்" என்று ஒரு வெல்லக்கட்டியை நசுக்கினாள்.

"இன்னாடி, கடலுக்குப் பாயசமா?" என்றான் பகலவன்.

"சும்மா இருங்க. பிளான்ட்ல மூட்டை மூட்டையாக் கொட்டுதோம். இது எம்புட்டு?"

காலையில் தொட்டி அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பார்த்ததுமே அவளுக்குப் புரிந்தது. நம்ம ஆளுங்க வெல்லத்தைத் தின்று ஒரே ராத்திரியில் பெருகி, தண்ணீரில் இருந்த காற்றையெல்லாம் இழுத்துவிட்டார்கள். தொழிற்சாலையில் காற்றடிக்கும் மெஷின் ஓயாமல் ஓடும். இங்கே அது இல்லை. கரைக்கும்போது அது அவள் நினைவுக்கே வரவில்லை.

"ஏங்க, மக்கை எடுத்து மொண்டு மொண்டு ஒசரத்திலேருந்து ஊத்துங்க. நிறுத்திராதீக! நான் ஸ்ரீபெரும்புதூர் போயி காத்து மோட்டார் வாங்கியாறேன்."

பகலவன் தன் ட்ரிப்பை, தன்னைப் போலவே பஸ் ஓட்டுகிற தம்பி சின்னப்பையனிடம் கொடுத்துவிட்டு, காக்கிச் சட்டையோடு குளிக்கிற மக்கில் கடலை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். அவள் திரும்பி வந்தபோது சட்டை முழுக்க உப்பு.

"பம்பா மாத்திட்டியேடி என்னை. உங்க ஆளுங்க நல்லா துன்னுட்டு கீறாங்க, நான் காத்து போடணுமா?"

மீன்கள் பிழைத்தன. பவளம் மட்டும் கெட்டியாக மூடியே கிடந்தது.

தண்ணீர் தெளிந்த பிறகு அவள் சம்புக்குள் கையை விட்டாள். ஸ்பாஞ்சைப் பிழிந்தால் பழுப்புச் சேறு. தின்னாமல் விட்ட தீனி, மீன் கழிவு, எல்லாம் அங்கேயே அழுகி நைட்ரேட்டாகிக்கொண்டிருந்தது. பிளான்டில் சேற்றைத் தவறாமல் வெளியேற்றுகிறவள், வீட்டில் போட்டுக்கொண்டே இருந்தாளே தவிர எதையும் எடுக்கவில்லை. ஸ்பாஞ்சை அடிக்கடி அலசினாள். தீனியைக் குறைத்தாள். வாரா வாரம் கொஞ்சம் தண்ணீரை இறைத்துவிட்டு, கேன் தண்ணீரில் கடலுப்புப் பொடி கலந்து ஊற்றினாள். கடைக்காரர் கொடுத்த ஒரு பிடி கடற்பாசியை சம்பில் போட்டு மேலே ஒரு விளக்கு மாட்டினாள். நைலான் நூல் சிக்கு மாதிரி இருந்த பாசி நைட்ரேட்டைத் தின்று மளமளவென்று பெருத்தது. வளர்ந்ததைப் பிய்த்து வெளியே போடும்போது, கண்ணுக்குத் தெரியாத நைட்ரேட் தன் கையில் பச்சையாகக் கனப்பதை நினைத்து அப்படியே நின்றுவிடுவாள்.

குழாயில் சிவப்பு ஆரஞ்சானது, பிறகு மஞ்சள். பவளம் திறக்கவில்லை.

"செத்துட்ச்சுடி. எடுத்துப் போட்டுடலாம். மீனுங்களாச்சும் பொழைக்கட்டும்."

சந்தனமாரி பவளத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து மோந்து பார்த்தாள்.

"செத்தா நாறும். இது கடல் வாசம்தான் அடிக்கி. உசுரு இருக்கு."

"உன் மூக்கை நம்பி ஒரு பவளம்!"

"இந்த மூக்குக்குத்தான் கம்பெனில சம்பளம் குடுக்கான்."

சித்திரையில் ஒரு காலை, நைட் ஷிப்ட் முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றாமலே நின்றாள். பவளத்தின் விளிம்பில் ஒரு விரல் நீண்டிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க இன்னொன்று. அப்புறம் வரிசை வரிசையாக, ஒவ்வொரு விரல் நுனியிலும் பூ மாதிரி, எதையோ பிடிக்க நீள்வது மாதிரி, முழுசும் விரிந்து அசைந்தது. ரோட்டில் கன்டெய்னர் லாரி போனது. வீடு அதிர்ந்தது. அது மூடவில்லை.

பல் துலக்கிக்கொண்டே வந்த பகலவன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான்.

"யம்மா... இத்தினி நாளா இத்த உள்ளயே வச்சினு இருந்துச்சா?"

அவன் கை தானாகத் தண்ணீரை நோக்கிப் போனது.

"தொட்டுப் பாக்கட்டா?"

"கையை முறிச்சிருவேன்" என்றாள், கண்ணை எடுக்காமல்.