மெடிக்கல் கடையிலிருந்து இருபத்தொரு கிலோமீட்டர்

ஓடப் பழகுகிறவர்களுக்கு எங்கள் ஊரில் இரண்டு கேள்விகள் எப்போதும் தயாராக இருக்கும். முதல் கேள்வி, “எதுக்கு ஓடுறீக?” அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிடும், “யாரு வெரட்டுறா?” விடியற்காலையில் வாசல் கேட்டைச் சத்தம் வராமல் திறந்து பழகிய ஓட்டக்கார நண்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். மற்றவர்களுக்காக விவரம் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் மெடிக்கல் கடை வைத்திருக்கிறேன். நாற்பதைத் தாண்டியவள். நாள் முழுக்கக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற வேலை. சில வருஷங்களுக்கு முன்பு வரை நான் கடைசியாக ஓடியது பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில்தான். அதுவும் வாயில் கரண்டியைக் கவ்விக்கொண்டு, எலுமிச்சம்பழம் விழுந்துவிடாமல்.

மருந்தும் சோடாவும்

நெற்குப்பையிலிருந்து ஒருவர் மாதம் தவறாமல் எங்கள் கடைக்கு வந்து பிரஷர் மாத்திரை வாங்கிப் போவார். ஒரு நாள் சாயந்தரம் மாத்திரையை வாங்கிப் பையில் போட்டவர், பஸ் வந்துவிட்டதென்று பையைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டு ஓடிவிட்டார். பஸ் நிற்கிற இடம் எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரம்தான். கூப்பிட்டேன், காதில் விழவில்லை. சரியென்று பையைத் தூக்கிக்கொண்டு நானும் ஓடினேன்.

ஜூஸ் கடையைத் தாண்டும்போதே நெஞ்சு அடைத்தது. செருப்புக் கடையைத் தாண்டும்போது கண் இருட்டியது. நான் வந்த கோலத்தைப் பார்த்துக் கண்டக்டர் விசிலடித்துப் பஸ்ஸை நிறுத்திவிட்டார். பையை நீட்டினேன். அப்படியே பஸ் படியில் உட்கார்ந்துவிட்டேன். பாவம் அந்த மனிதர், இறங்கி, பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டு, என்னைப் பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார வைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தார். அடுத்த நாளே நான் போய் ஷூ வாங்கியதற்குக் காரணம் அந்தச் சோடா இல்லை, அதைக் கையில் கொடுக்கும்போது அவர் கேட்ட கேள்வி: “மருந்த மறந்தவன் நானு. மயக்கம் போடுறது நீங்களாத்தா?”

வீட்டுக்காரர் காவல்

ஓட ஆரம்பித்ததும் வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். நாய் இருக்கிறது, இருட்டு இருக்கிறது, தனியாகப் போகக்கூடாது. கூட ஓடி வருவார் என்று நினைத்தேன். மொபெட்டை எடுத்துக்கொண்டு வந்தார். மானகிரிப் பக்கம் போகிற ரோட்டில் நான் முன்னால் ஓட, அவர் பின்னாலேயே லைட்டைப் போட்டுக்கொண்டு நிதானமாக வருவார். நடுநடுவே, “போதும் ராணி, ஏறிக்க, வீட்டுக்குப் போகலாம்” என்பார். நான் திரும்பிப் பார்க்காமல் ஓடுவேன்.

ஒரு நாள் எதிரே பால் கேன் கட்டிய சைக்கிளில் வந்த பெரியவர், இந்தக் காட்சியைப் பார்த்ததும் சைக்கிளை ரோட்டுக்குக் குறுக்கே போட்டுவிட்டார். “நில்லாத்தா. எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். இப்படிப் பொழுது விடியுமுன்ன பொறந்த வீட்டுக்கு ஓடுனா ஊரு என்ன பேசும்?” என்றார். எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அழுகிறேன் என்று முடிவு செய்து, அவரே தோள் துண்டை எடுத்து நீட்டினார். வீட்டுக்காரர் பதறிப்போய் வண்டியை நிறுத்தி, “ஐயா, சண்டையெல்லாம் இல்ல. அவுக ஓட்டப் பயிற்சி எடுக்குறாக” என்று விளக்கினார். பெரியவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: “பொம்பளைய ஓடவிட்டு ஆம்பள வண்டியில வாரதுக்குப் பேரு பயிற்சியா? எறங்கி வண்டிய அந்தப் புள்ளைகிட்டக் குடுய்யா.”

பேசிக்கொண்டே ஓடுவது

மாதங்கள் போயும் என் தூரம் அந்த ரோட்டிலிருக்கிற தண்ணீர்த் தொட்டியைத் தாண்டவில்லை. வீட்டிலிருந்து விருட்டென்று கிளம்புவேன், தொட்டிக்குப் பக்கத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எங்கள் கடைக்கு மேல் மாடியில் பிசியோதெரபி பார்க்கிற கலை என்ற பெண்ணும் காலையில் ஓடுகிறவள். அவள் ஒரு நாள் என் கூடவே ஓடிப் பார்த்துவிட்டு, “அக்கா, ஒங்களுக்குத் தெம்பு இல்லாம இல்ல. வேகந்தான் சாஸ்தி. பேசிக்கிட்டே ஓட முடியணும். பேச்சு நின்னா வேகத்தக் கொறைங்க” என்றாள். அந்த வேகத்தில் ஓடினால் நடக்கிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். மானம் போனது. ஆனால் தூரம் கூடியது. தொட்டி தாண்டி ரயில்வே கேட், கேட் தாண்டி மானகிரி என்று வாரத்துக்குக் கொஞ்சமாக நீண்டது.

சிக்கல் என்னவென்றால், அவ்வளவு தூரத்துக்கும் பேச விஷயம் வேண்டும். உடல்நலம், விலைவாசி எல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. இரண்டாவது வாரம் தெருக்காரர்கள் கதையில் இறங்கிவிட்டோம். ஒரு மார்கழிப் பனியில், எங்கள் தெரு பாக்கியம் அக்காவின் மாப்பிள்ளை ஒரு மாதமாக மாமனார் வீட்டிலேயே இருப்பதையும், அநேகமாக வேலை போயிருக்கும் என்பதையும் நான் மூச்சு வாங்காமல் கலையிடம் சொல்லிக்கொண்டு ஓடினேன். பேச்சு நிற்கவே இல்லை, அதனால் வேகம் சரியாக இருக்கிறது என்று அவளும் பாராட்டினாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால், சால்வையைப் போர்த்திக்கொண்டு வேக நடை போட்டுவந்தது சாட்சாத் பாக்கியம் அக்காவேதான். எங்களைத் தாண்டும்போது முகத்தைக்கூடத் திருப்பாமல் சொல்லிவிட்டுப் போனார்: “நல்லா ஓடுங்கத்தா. எங்க மாப்பிள்ளைக்கு வேலையெல்லாம் போகல, லீவுலதான் வந்திருக்காக.”

வேன்

அந்த வருஷம் எங்கள் ஊரிலேயே சில இளைஞர்கள் சேர்ந்து இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார்கள். பேர் கொடுத்தேன். கலை வேண்டாம் என்றாள், “இன்னும் ஆறு மாசம் போகட்டுங்க்கா” என்றாள். அதற்குள் வீட்டுக்காரர் என் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, கீழே ‘எங்கள் வீட்டு வீராங்கனை’ என்று எழுதிவிட்டார். சிவகங்கையிலிருக்கிற நாத்தனார் வரைக்கும் பார்த்தாயிற்று. இனி பின்வாங்க முடியாது.

ஓட்டத்தன்று கொட்டடித்து அனுப்பினார்கள். கொட்டுச் சத்தத்தில் எனக்கும் கால் சூடாகிவிட்டது. பேசிக்கொண்டே ஓடுவதாவது, அத்தனை பேரையும் பார்த்ததும் பழைய விருட்டோட்டம் வந்துவிட்டது. பாதிவரைக்கும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்கப்புறம் வெயில் ஏறியது, கெண்டைக்கால் இரண்டும் கல்லாகின. பதினான்காவது கிலோமீட்டர் பலகைக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள வருகிற வேன் வந்து நின்றது. உள்ளே ஏற்கெனவே நாலைந்து பேர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஏறி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். ஸ்டேட்டஸ், நாத்தனார், பாக்கியம் அக்கா எல்லாரும் கண்முன்னால் வந்தார்கள். டிரைவர் கண்ணாடியில் கவனித்திருக்க வேண்டும். ஒரு தண்ணீர்ப் பாட்டிலைப் பின்னால் நீட்டிச் சொன்னார்: “அழுகாதீகக்கா. இன்னைக்கு நம்ம வேன்ல ஏறுனவுகள்ல நீங்கதான் பஸ்ட்டு, இம்புட்டு தூரம் யாருமே வரல.”

தைலம்

கொஞ்ச நாள் கால் வலியோடு கடைக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது கெண்டைக்காலில் தைலம் தேய்ப்பேன். ரெகுலராக மூட்டுவலித் தைலம் வாங்க வருகிற டீச்சரம்மா ஒருவர் வந்து, தைலம் ஸ்டாக் இல்லை என்றதும் மோப்பம் பிடித்துப் பார்த்தார். எட்டிக் கீழேயும் பார்த்தார். பிறகு கேட்டார்: “இது விக்கிற கடையா, நீங்க பூசித் தீக்குற கடையா?”

மாளிகை

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்த முறை கலை சொன்னதைத் தட்டவில்லை. வாரத்தில் மூன்று நாள் சின்ன ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம், கொஞ்சம் ஓட்டம் கொஞ்சம் நடை என்று மாற்றி மாற்றி. இடுப்புப் பையில் பேரீச்சம்பழமும் கடலைமிட்டாயும். பசிக்கும் முன்பே சாப்பிட வேண்டும், தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும். குடித்த தண்ணீர் சும்மா இருக்காது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. பெண் ஓட்டக்காரர்களே, இந்த இடத்தில் உங்கள் முகம் மாறுவது எனக்குத் தெரிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோடு காலியாக இருக்கும் என்று கீழச்சிவல்பட்டிப் பக்கம் போனோம். வீட்டுக்காரர் எங்களை இறக்கிவிட்டு டீக்கடை தேடிப் போய்விட்டார். பாதி தூரத்தில் எனக்கு அவசரம் வந்துவிட்டது. கண்ணுக்கெட்டிய வரை வெட்டவெளி, ஒரு மறைவு இல்லை. ஊருக்குள் திரும்பி, கதவு திறந்திருந்த பெரிய வீடு ஒன்றுக்குள் நுழைந்தோம். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் ஒருவர் வாளியோடு வந்தார். “அண்ணே, உள்ள கொஞ்சம்...” என்று நான் இழுப்பதற்குள், “வாங்க, வாங்க, சுத்திப் பாக்கத்தானே” என்று கூட்டிக்கொண்டு நடந்தார்.

தூணைத் தட்டி பர்மா தேக்கு என்றார். அண்ணாந்து பார்க்கச் சொல்லி மச்சுப் பலகையைக் காட்டினார். கண்ணாடி எந்த நாட்டிலிருந்து கப்பலில் வந்தது என்று நின்று சொன்னார். நான் ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றேன். இந்தக் கலை இருக்கிறாளே, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சுவரு இம்புட்டு வழவழன்னு இருக்கே, எப்புடிண்ணே?” என்று வேறு கேட்டுவைத்தாள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் எவ்வளவு நேரம் அரைக்க வேண்டும் என்று அவர் ஆரம்பித்தபோது நான் மரியாதையைக் கைவிட்டு, “அண்ணே, பாத்ரூம் எங்குட்டு?” என்று கத்திவிட்டேன். வீட்டின் அந்தக் கட்டு முழுக்க எதிரொலித்தது. கொல்லைப்புறம் கை காட்டினார். நான் திரும்பி வந்து நன்றி சொல்லிவிட்டு அப்படியே ஓட ஆரம்பிக்க, பின்னாலிருந்து கேட்டது: “வெளிநாட்டுலருந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போறாக. பாத்ரூமுக்குன்னு ஓடியே வந்தவுக நீங்கதான்!”

கடைசி ஆள்

அடுத்த வருஷம் அதே ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தேன். வீட்டுக்காரரிடம் போனை வாங்கி வைத்துக்கொண்டேன், ஸ்டேட்டஸ் கிடையாது. கொட்டடித்தபோது காதைப் பொத்தாத குறையாக மெதுவாகக் கிளம்பினேன். கூட்டம் முழுக்க என்னைத் தாண்டிப் போனது. கலையையும் போகச் சொல்லிவிட்டேன். என்னோடு பேச ஆள் இல்லாததால் நானே எனக்குக் கடை மருந்துப் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன். வார்த்தை திக்கினால் நடை, சரளமாக வந்தால் ஓட்டம்.

பதினெட்டாவது கிலோமீட்டரில் ரோட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். தண்ணீர் கொடுக்கிற மேஜையை மடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்காக ஒரு டம்ளரை மட்டும் வெளியே வைத்திருந்தார்கள். கால் வலித்தது, உள்ளங்காலில் கொப்புளம் உடைந்தது. ஆனால் மூச்சு இருந்தது. அதுதான் எனக்கு நம்பமுடியாத விஷயம். கூப்பிடு தூரம் ஓடிச் சோடா குடித்தவளுக்கு, இத்தனை தூரத்துக்கு அப்புறமும் நெஞ்சு சாதாரணமாக அடித்துக்கொண்டிருந்தது. அது புரிந்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதை வீட்டில் யாரிடமும் இன்னும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

கடைசித் திருப்பம் திரும்பினால் முடிகிற இடத்தில் கூட்டம் கலைந்திருந்தது. துணி வளைவைக் கட்டியிருந்த பந்தல்காரர்கள் கயிற்றை அவிழ்த்து, கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்கள். வளைவு பாதி சரிந்து தொங்கியது. இதற்காகவா இரண்டு வருஷம் ஓடினேன் என்று நினைத்தேன். அப்போது கலை எங்கிருந்தோ, “எங்க அக்கா வாராக! ஒரு ஆளு பாக்கி இருக்கு!” என்று கத்திக்கொண்டு ஓடினாள். வீட்டுக்காரரும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடினார், அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பந்தல்காரர்கள் இரண்டு பேர் ஒரு பக்கமும், கலையும் வீட்டுக்காரரும் இன்னொரு பக்கமும் கம்பத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க, வளைவு ஆடிக்கொண்டே எழுந்து நின்றது. கண்ணீரில் எனக்குப் பாதை சரியாகத் தெரியவில்லை. வேகத்தைக் கூட்டப் பார்த்தேன், கால் கேட்கவில்லை. கம்பத்தைப் பிடித்திருந்த பந்தல்காரர், முகமெல்லாம் சிவக்க, என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “மெதுவாவே வாங்கக்கா, ஒண்ணும் அவசரமில்ல. ஆனா சீக்கிரம் வாங்க, கை வலிக்குது!”

தூரம் ஓடப் பழகுகிற உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன், கடைசியாக வருகிறவளுக்கும் ஒரு மரியாதை உண்டு, அவள் வந்து சேருகிறவரைக்கும் யாராலும் போட்டியை முடித்துவிட முடியாது.