சீன வருடப்பிறப்புக்குப் போன கடலட்டை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். எந்த இடத்தில் எந்த ரகரம் என்பது இன்னும் சரிவராது. வாயால் சொல்லலாம் என்றால், நாலு பேர் முன்னால் எனக்குக் கதை வராது.

இறக்கக்கண்டியில் எனக்கும் தம்பிக்கும் கடலட்டைத் தொழில். எங்கள் ஊரில் அதை ஒருவரும் தின்பதில்லை. வலையில் வந்தால் முகத்தைச் சுளித்து வீசிவிடுவார்கள். சிங்கப்பூர்ச் சீனருக்கோ அது கலியாணச் சாப்பாடு, பண்டிகைச் சாப்பாடு. எங்கள் பக்கத்துத் துறைமுகத்திலும் சிங்கப்பூரிலும் ஒரே வெள்ளைக்காரக் கொடி பறந்தபடியால் தம்பி அங்கே போவது பெரிய காரியமாக இருக்கவில்லை. ஒரு சீன முதலாளியின் கடையில் நின்று, நான் அனுப்பும் சாக்குகளை விற்றான். அவனுடைய மனைவியும் சின்ன மகளும் என் வளவுக்குள்ளேயே பக்கத்து வீட்டில் இருந்தார்கள். நான் கலியாணம் கட்டவில்லை.

தொடக்கத்தில் நாங்கள் அட்டையை மீனைப்போல நீளமாகக் கீறித்தான் குடலை எடுத்தோம். அந்தச் சாக்கு விலைப்படவில்லை. "அண்ணை, பிளந்ததை இவர்கள் கலியாணப் பந்தியில் வைக்கமாட்டார்கள். முழுசாக இருக்கவேணும். வாயடியில் விரலளவு கீறினால் போதும்" என்று தம்பி எழுதினான். அதன்பிறகு அப்படியே செய்தேன். அவித்து, மணலில் புதைத்து, தோலைத் தேய்த்துக் கழுவி, திரும்பவும் அவித்துக் காயவைப்பேன். பங்குனியிலிருந்து புரட்டாதிவரை எங்கள் கடல் அடங்கிக் கிடக்கும். அப்போது எடுத்த சரக்கு வாடைக்காற்றுக்கு முன் கப்பலேறினால், தை மாசியில் வருகிற சீன வருடப்பிறப்புக்குச் சரியாக இருக்கும். அந்த ஒரு கிழமை விலை வேறு எந்த நாளும் கிடைக்காது. முகம் காணாத சனத்தின் பண்டிகையை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

1941 ஐப்பசியில் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. யப்பான்காரன் வருவான் என்று அங்கே கதைக்கிறார்கள், சரக்கை முதலாளியிடம் விட்டுவிட்டு அடுத்த கப்பலில் வரட்டோ என்று கேட்டிருந்தான். அவன் மனைவியிடம் ஒரு சொல் கேட்காமல் அன்றே பதில் எழுதினேன். வெள்ளைக்காரன் இருக்கிறான், பயப்படாதே, வருடப்பிறப்புக்கு விற்று முடித்துவிட்டு வா. "நீங்கள் சொன்னபடியே நிற்கிறேன், அண்ணை" என்று பதில் வந்தது. அதுதான் கடைசி.

அந்த வருடப்பிறப்பு அன்றுதான் சிங்கப்பூர் விழுந்தது.

பங்குனி முடியுமுன் எங்கள் துறைமுகத்திலும் குண்டு விழுந்தது. காட்டுப்பக்கம் ஓடிய சனம் திரும்பிய பிறகு நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனேன். "சீனர் ஆரும் கப்பலில வந்தால் கேளுங்கோ அத்தான்" என்று தம்பியின் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இரண்டு வருடம் கழித்து, இந்த வருடம், ஒரு சரக்குக் கப்பலில் சீன மாலுமி ஒருவர் வந்தார். இரண்டு நாளாகத் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் அவரைப் பார்த்தபடி நின்றேன். பினாங்குவரை பாய்க்கப்பலில் போய்வந்த கிண்ணியா முஸ்லிம் கிழவர் ஒருவருக்கு மலாய் தெரியும். காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவர்தான் என்னைப் பிடித்தார்.

"என்ன தம்பி, நாக்க வீட்ட வெச்சிட்டா வந்த? பொண்ணு பாக்க வந்தமாதிரி அவன்ட மூஞ்சையே பாத்துக்கிட்டு நிக்கிறாய்!"

சாரத்து மடியில் கொண்டுவந்திருந்த ஒரு காய்ந்த அட்டையை எடுத்து நீட்டினேன். மாலுமி அதை முகர்ந்தார். வாயடிக் கீறலைப் பெருவிரலால் தடவினார்.

"நல்ல கையாம்" என்றார் கிழவர். "அவனுக்கும் சிங்கப்பூர்தானாம்."

தம்பி இருந்த தெருவின் பெயரைச் சொன்னேன். இருவரும் மலாயில் பேசினார்கள். கிழவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"வருஷப்பொறப்புக்கு மூணு நாளைக்கு முந்தி இவன் கப்பலேறிட்டானாம். அந்தத் தெரு அப்பவே எரிஞ்சிட்டாம். உன்ட தம்பிய இவனுக்குத் தெரியா."

"அந்த வருசப்பிறப்புக்கு ஆரும் அட்டை வாங்கினவையோ எண்டு கேளுங்கோ, காக்கா."

"இதையா கேக்கிற?"

"கேளுங்கோ."

மாலுமி இல்லையென்று தலையை ஆட்டினார். கடையெல்லாம் பூட்டாம், அரிசிக்கே அடிபிடியாம், அட்டை ஆருக்கு என்று கிழவர் சொன்னார். மாலுமி அட்டையை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கைகாட்டிவிட்டு வந்தேன்.

தம்பியின் மனைவி வளவு வாசலில், படலையடியில் நின்றாள். "என்னவாம் அத்தான்?"

எரிந்த தெருவைச் சொன்னேன். பிறகு நான் எழுதிய கடிதத்தையும் சொன்னேன். அவளோடு அவ்வளவு நேரம் நான் கதைத்தது அதுதான் முதல் தடவை. அவள் அழவில்லை.

"நான் வரச்சொல்லி எழுதினனான். உடன வாங்கோ எண்டு. ரெண்டு கடிதமும் ஒரே கப்பலில போயிருக்கும்."

படலைக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

"அவர் உங்கட சொல்லைத்தானே கேப்பார்."

மறுநாள் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு சல்லி என்ற ஊரிலுள்ள தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள். நெற்றியில் பொட்டு இருந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். தாய்வீட்டு வாசலில் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை.

1944, ஆவணி 21.