வெள்ளைச்சாமி அண்ணனின் கார் சத்தம்

வெள்ளைச்சாமி அண்ணன் போய்விட்டார்.

காலையில் அன்னவாசலிலிருந்து அவர் மகன் போன் செய்தான். "அத்தை, அப்பா தூக்கத்துலயே போயிட்டாரு..."

இங்கே முகநூலில் நண்பர்களாக இருக்கும் பலருக்கு அவரைத் தெரியாது. அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் சுற்றுவட்டாரத்துக்கே ஒரே வாடகைக் கார் அவருடையதுதான். அப்போது பிளஷர் என்போம். கறுப்பு நிறம், இரண்டு பக்கமும் ஏறி நிற்கப் படி.

கார் நன்றாக ஓடும். சைலன்சர் மட்டும் ஓட்டை. கண்மாய்க்கரையில் வரும்போதே எங்கள் ஊருக்குக் கேட்டுவிடும்...

கல்யாண வீட்டுக்காரர்கள் அந்தச் சத்தத்துக்காகவே அவரைக் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளை வருவது நாலு ஊருக்குத் தெரியவேண்டாமா! அண்ணனுக்கும் அதில் பெருமைதான். "நம்ம வண்டிக்கு ஹாரன் எதுக்குங்க?" என்பார்.

எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது காலில் துருப்பிடித்த ஆணி ஏறியது. மஞ்சளை வைத்துக் கட்டிவிட்டு மறந்துபோனோம். சில நாளில் வாயைத் திறக்க முடியவில்லை. பிறகு முதுகு வில்லாய் வளைந்து இழுக்க ஆரம்பித்தது.

டெட்டனஸ்.

கதவு சாத்தும் சத்தம் போதும், ஒரு தம்ளர் கீழே விழுந்தால் போதும், உடம்பு முறுக்கிக்கொள்ளும். கொடுமை என்னவென்றால் நினைவு தப்பாது. எல்லாம் தெரியும்.

கம்பவுண்டர் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு, உடனே புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அண்ணனைக் கூட்டிவர அப்பா கம்பவுண்டரோடு அன்னவாசல் போனார். காரைப் பார்த்ததும் கம்பவுண்டர் தலையில் கை வைத்துவிட்டாராம்.

"இந்த வண்டியில ஏத்துனா புள்ள வழியிலயே போயிரும்யா. ஒவ்வொரு சத்தத்துக்கும் இழுப்பு வரும். மூச்சு நின்னுரும்."

வேறு கார் இல்லை. மாட்டு வண்டியில் போய்ச் சேரும்வரை நான் தாங்க மாட்டேன்.

அண்ணன் முகம் வெளிறிப்போனதாம். "சத்தம் ஆகாதா? சத்தத்துக்கா இழுக்குது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். பிறகு காருக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார்.

மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, அந்தத் தகட்டால் ஓட்டையை மூடி, கம்பியால் இறுக்கி, மேலே களிமண் அப்பி, அதற்கும் மேல் நனைத்த சாக்கு. சூடு ஆறாத குழாயில் அவர் கை வெந்துபோனதை அப்பா பார்த்திருக்கிறார். அண்ணன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லையாம்.

ஊருக்குள் வந்ததும் தெரு முக்கிலேயே இன்ஜினை அணைத்துவிட்டார். வாசல்வரை ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இருட்டறையில் காதில் பஞ்சோடு கிடந்த நான், கார் இன்னும் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்... அம்மா வந்து தூக்கினாள்.

மறுபடி முக்குவரை தள்ளித்தான் ஸ்டார்ட் செய்தார்கள். அப்போது ஒருமுறை இழுத்தது. அப்புறம் மெதுவாக, மிக மெதுவாக...

ஹாரன் கிடையாது. அப்பா படியில் நின்றுகொண்டு துண்டை வீசி வீசி எதிரே வந்த வண்டி மாடுகளை ஒதுக்கினார். அம்மா மடியில் நான். பக்கத்து வீட்டில் யாரோ மாவு அரைப்பதுபோல இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் அது காதில் இருக்கிறது.

பிழைத்தேன்.

பல வாரம் கழித்து வீடு திரும்பினேன். அண்ணன் பார்க்க வந்தார். அன்றும் கார் வந்தது எனக்குக் கேட்கவில்லை. புது சைலன்சர் மாட்டியிருந்தார். எப்படிண்ணே சத்தமே வரல என்றேன்.

"அந்தப் பொட்டிக்குள்ள தடுப்புத் தடுப்பா இருக்கும் ஆத்தா. பொத்தல் போட்ட கொழாயும் இருக்கும். இன்ஜின் வெடிக்கிற சத்தம் உள்ள போயி அங்கிட்டு முட்டி இங்கிட்டு முட்டி, ஒண்ணையொண்ணு அமுக்கிக்கிரும். வெளிய வாரப்ப வெறும் பொகைதான்..."

பேசிக்கொண்டே வந்தவர் வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தார்.

"போன வருசம் எங்க அக்காவுக்கும் இதே நோவுதான் ஆத்தா. புள்ள பெத்த ஒடம்பு. வெரசாப் போகணும்னு வண்டிய அலற விட்டுக்கிட்டுப் போனேன். பின்னால துள்ளித் துள்ளி விழுந்துச்சு. நோவு முத்திப்போச்சுன்னு நெனச்சு இன்னும் வெரட்டுனேன்... புதுக்கோட்ட போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. எனக்குத் தெரியலயே ஆத்தா..."

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வேலைக்குப் போன பிறகு ஒரு டாக்டரிடம் இதைக் கேட்டேன். அந்தக் காலத்தில் பிள்ளை பெற்றவளுக்கு அந்த நோய் வந்தால் எப்படிப் போயிருந்தாலும் பிழைப்பது கஷ்டம் என்றார். ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். நம்பினாரா என்று தெரியாது.

போன தீபாவளிக்கு என் பேரன் பைக் சைலன்சரை மாற்றி, அன்னவாசல் தெருவில் படபடவென்று பறந்தான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அண்ணன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். "தாத்தா பயந்துட்டாரு" என்று சிரித்தான் தடியன். அவனை ஓங்கி அறையலாம்போல வந்தது எனக்கு.

இதுவரை எழுதியதை அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். படித்துவிட்டான்.

நாளை காலை எடுக்கிறார்கள். வெடி மட்டும் வேண்டாமப்பா என்று அவர் மகனிடம் கேட்டேன். "சரிங்க அத்தை" என்றான்.

பேரன் பைக்கில்தான் வருகிறேன் அண்ணே. தெரு முக்கிலேயே அணைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். அவன் தள்ளிக்கொண்டு வருவான்.

நான் கூடவே நடந்து வாரேன்.