ஒன்பதரை மணி பக்தர்

இஸ்திரி போட்ட சட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. காலை ஒன்பதரை மணிக்கு கிரிவலப் பாதையில் கால் வைத்ததும் பலராமன் செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். பக்தி என்று நினைத்துவிட வேண்டாம்.

"செருப்போட சுத்துனா வேல போனவன்னு கண்டுபுடிச்சிடுவானுங்க சார். கழட்டிட்டா சாமி கும்பிடுறவன்."

பதினான்கு கிலோமீட்டர். மெதுவாக நடந்து, அடி அண்ணாமலையில் சாப்பிட்டு, மரத்தடியில் ஒரு தூக்கமும் போட்டால் கணக்காக டூட்டி முடிகிற நேரம். மனைவி சரசுவைப் பொறுத்தவரை அவர் இன்னும் லாட்ஜ் ரிசப்ஷனில்தான் உட்கார்ந்திருக்கிறார். வேலை போனதும், போன காரணமும் சரசு காதுக்கு எட்டக் கூடாது. மலையைச் சுற்றுபவரின் ஒரே வேண்டுதல் அதுதான்.

அந்தக் காரணத்தை என்னிடம் இருபது தடவையாவது சொல்லியிருப்பார். ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் பார்க்கக் கூடாத படங்கள், நூற்று நாற்பத்து மூன்று. "நான் டவுன்லோடே பண்ணல சார். வாட்ஸப்புல தானா வந்து உக்காந்துக்கிச்சு." தானாக வந்தவை தாமாகவே வரிசை எண்ணும் போட்டுக்கொண்டு, 'அண்ணாமலையார்' என்ற ஃபோல்டருக்குள் அடக்கமாகப் போய்ப் படுத்திருக்கின்றன.

"சாமி பேரு வச்சா எவனும் கை வைக்க மாட்டான்னு நெனச்சேன்."

வேறு ஊராக இருந்தால் நல்ல யோசனைதான். இங்கே மாதாமாதம் பௌர்ணமி வந்து தொலைக்கிறது. அறைக்குக் காத்திருந்த ஐம்பது பேருக்குச் சுவர் டிவியில் சாமி படம் காட்டலாமே என்று முதலாளி அந்த ஃபோல்டரைத் திறந்தார். கூப்பிய கைகள் கூப்பியபடியே நின்றுவிட்டன, முதலாளியின் மாமியாருடையவை உட்பட.

"மொதலாளிக்கு அவசரம் ஜாஸ்தி சார். என்னை ஒரு வார்த்த கேட்டுட்டுத் தொறக்கக் கூடாதா?"

இந்த மனிதரை என்ன செய்வது?

நேற்று நானும் கூட நடந்தேன். அடி அண்ணாமலையில், சரசு கட்டிக்கொடுத்த பையைப் பிரித்தார். தயிர்சாத டப்பாவின் மேல் புதிதாக ஒரு குட்டிப் பாட்டில், விளக்கெண்ணெய். அதைச் சுற்றிக் கிழிந்த வேட்டித் துணி, கால் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு. பலராமன் தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். குதிகால் முழுக்க வெடிப்பு, விரலடியில் கொப்புளம்.

"சேர்ல உக்காந்து வேல பாக்குறவனுக்கு இது எதுக்கு சார்..." கேட்டு முடிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது.

சாப்பிடவில்லை. டப்பாவை மூடி உள்ளே வைத்தார். செருப்பை எடுத்துக் காலில் மாட்டினார். வலம் வருகிற கூட்டமெல்லாம் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்க, அத்தனை பேருக்கும் எதிராக, வந்த வழியே வீட்டைப் பார்த்து நடந்தார்.